மண்டபத்தில் குடித்துவிட்டுப் போனவருக்கு விபத்து நடந்தால், ஊற்றிக் கொடுத்தவர் மீதும் வழக்கு வருமா?

ஒன்ராறியோவைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். வரும். நான் சட்டத்தரணி இல்லை. ரொறன்ரோவில் ஒரு விருந்து மண்டபத்தில் ஆறு வருடமாக பாரில் நிற்கிறேன். இங்கே ஸ்மார்ட் சேர்வ் என்கிற, மது பரிமாறுகிறவர்களுக்கான பயிற்சிச் சான்றிதழ் இல்லாமல் அந்த வேலைக்கு நிற்க முடியாது.

எங்கள் மனேஜர் புதிதாக வருகிற எல்லாருக்கும் ஜோர்டன் ஹவுஸ் கதையைச் சொல்லுவார். 1968 ஜனவரி, நயாகரா பக்கம் ஒரு ஹோட்டல். வாடிக்கையாக வருகிற ஒருவர். பொறுப்பான ஆள் யாரும் கூட வராவிட்டால் அவருக்கு ஊற்றவேண்டாம் என்று ஊழியர்களுக்கு முன்பே சொல்லி வைத்திருந்தார்கள். ஆனாலும் அன்றைக்கு ஊற்றினார்கள். வெறி ஏறி மற்ற மேசைகளுக்குப் போய்த் தொந்தரவு செய்தார் என்று இரவு பத்து மணிவாக்கில் வெளியே அனுப்பிவிட்டார்கள். நெடுஞ்சாலையில் இருட்டுக்குள் நடந்தவரைக் கார் அடித்தது. கனடா உச்ச நீதிமன்றம் 1973இல் ஹோட்டல், காரோட்டி, குடித்தவர் மூவருக்கும் மூன்றில் ஒரு பங்கு என்று பொறுப்பை உறுதி செய்தது. ஊற்றியதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, அந்த நிலையில் தெருவில் விட்டதுதான் ஹோட்டலை மாட்டிவிட்டது.

1995இல் எட்மன்டன் வழக்கொன்றில் வேறொரு ஹோட்டல் தப்பியது. காரணம், குடித்தவரோடு அவருடைய மனைவியும் சகோதரியும் குடிக்காமல் இருந்தார்கள், எவ்வளவு உள்ளே போனது என்பதும் அவர்களுக்குத் தெரியும். அப்படியிருந்தும் அவரையே ஓட்ட விட்டார்கள்!

வீட்டுப் பார்ட்டி வேறு கதை. விருந்து வைத்தவருக்குப் பொதுவாகப் பொறுப்பில்லை என்று 2006இல் தீர்ப்பு வந்தது. ஆனால் மதுபான அனுமதி இல்லாத ஹோலில் கல்யாணம் வைத்து, நீங்களே விசேட அனுமதிப் பத்திரம் எடுத்தால், வருகிறவர்களைப் பார்த்துக்கொள்வது உங்கள் தலையில்தான்.

போன மாதம் ஒரு ஐம்பதாவது பிறந்தநாள். ஒரு மாமா கிளாஸை வைக்கப் போய் மேசை விளிம்பில் வைத்தார், கீழே விழுந்தது. "தம்பி, இன்னொண்டு" என்றார். எலுமிச்சைத் துண்டு போட்டு ஜிஞ்சர் ஏல் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "என்வலப்புக்குள்ள இருநூறு வைச்சனான், தெரியுமோ?" என்றார். சரி மாமா என்று சொல்லிவிட்டு மகளைக் கூப்பிட்டேன். மகள் கார்ச் சாவியைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். மாமாவின் கார் திங்கள் மத்தியானம்வரை எங்கள் பார்க்கிங்கிலேயே நின்றது.