'ஜ' இல்லை தம்பி, 'ஜே': பிரெஞ்சில் இறந்தகாலம்

பிரான்சுக்கு வந்து நாலு மாதம், வகுப்பில் பாசே கொம்போசே (பேச்சில் வரும் இறந்தகாலம்) தொடங்கிவிட்டார்கள், வேலை செய்தேன் என்பதற்கு "ஜ த்ரவயே" என்று நான் சொன்னவுடன் ஆசிரியை ஒவ்வொரு முறையும் மறிக்கிறார், எங்கே பிழை என்று கேட்டிருந்தீர்கள். வினைச்சொல்லில் பிழை இல்லை. அதற்கு முன்னால் வரவேண்டிய துணைவினைதான் காணாமல் போயிருக்கிறது.

'ஜ' என்றால் வெறும் 'நான்'. 'ஜே' என்றால் அந்த 'நான்' உடன் அவ்வார் (தன்னிடம் இருத்தல்) என்ற துணைவினையும் ஒட்டிக்கொண்டது. 'செய்திருக்கிறேன்' என்பதைப் பிரித்துப் பாருங்கள்: 'செய்து' மாறாமல் நிற்கும், ஆளுக்கு ஏற்ப 'இருக்கிறேன், இருக்கிறாய்' என்று மாறுவது துணைவினை. பிரெஞ்சிலும் அதே வேலைதான், துணைவினை மட்டும் முன்னுக்கு வருகிறது. அதற்காக, 'செய்திருக்கிறேன்' என்று வரும் இடத்தில் மட்டும்தான் இதைப் பாவிக்கலாம் என்று நினைக்காதீர்கள். செய்தேன், செய்தனான், செய்திருக்கிறன் எல்லாவற்றுக்கும் பேச்சில் இந்த ஒன்றே போதும்.

ஆகவே முதலில் பாடமாக்க வேண்டியது நான், நீ, அவன், நாங்கள், நீங்கள், அவர்கள் என்ற வரிசையில் அவ்வாரின் ஆறு வடிவங்கள்: ஜே, த்யூ ஆ, இல் ஆ, நூ ஃஸவோன், வூ ஃஸவே, இல் ஃஸோன். இங்கே 'ஃஸ' என்று எழுதியது தேனீ இரைவது போலத் தொண்டை அதிரச் சொல்லும் ஒலி. நம் நாக்குக்கு இது சுலபத்தில் வராது, வெறும் 'ஸ' தான் வரும். மற்ற இடங்களில் சமாளிக்கலாம், ஆனால் 'இல் ஃஸோன்' என்றால் அவர்களிடம் இருக்கிறது, 'இல் ஸோன்' என்றால் அவர்கள் இருக்கிறார்கள். துணைவினையே மாறிப்போகும். இந்த ஒரு சோடியை மட்டும் தனியாக எடுத்து வாய்விட்டுப் பழகுங்கள்.

பின்னால் வரும் வினை சுலபம். த்ரவயே போல 'ஏ' ஒலியில் முடியும் வினைகளில் கடைசி இரண்டு எழுத்தையும் வெட்டிவிட்டு, அக்சான் தெகியூ என்ற சாய்கோடு போட்ட ஒற்றை எழுத்தை (é) வையுங்கள். முடித்தலுக்கான ஃபினிர் போன்றவற்றில் கடைசி எழுத்தை மட்டும் வெட்டினால் ஃபினி. காத்திருத்தலுக்கான ஆதாந்த்ர், ஆதாந்த்யூ ஆகும். எடுத்தலுக்கான 'ப்ராந்த்ர்' பார்க்க அதே குடும்பம் போல இருக்கும், ஆனால் 'ப்ரி' என்றுதான் வரும். அப்படிப்பட்டவற்றை ஒவ்வொன்றாகத்தான் பாடமாக்க வேண்டும்.

எழுதும்போது வேறொரு சிக்கல். மூல வடிவமும் இறந்தகால வடிவமும் 'வூ' உடன் வரும் நிகழ்கால வடிவமும் மூன்றுமே 'த்ரவயே' என்றுதான் ஒலிக்கும், எழுத்து மட்டும் வேறு. சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் ஆதாந்த்ர் வினையைப் போட்டுப் பாருங்கள். 'ஜே ஆதாந்த்யூ' என்று வந்தால் அக்சான் போட்ட எழுத்து. 'ஜ வே ஆதாந்த்ர்' (காத்திருக்கப் போகிறேன்) என்று வந்தால் மூல வடிவம். பிரெஞ்சுப் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில் இப்படித்தான் வினையை மாற்றிப் போட்டுப் பார்க்கிறார்கள்.

இல்லை என்று சொல்ல, 'பா' துணைவினைக்கு அடுத்து வரும்: ஜ நே பா த்ரவயே. கடைசியில் கொண்டுபோய் வைக்காதீர்கள். பேச்சில் 'ஜே பா த்ரவயே' என்று சுருக்கிச் சொல்வதைத்தான் தெருவில் கேட்பீர்கள், பரீட்சையில் முழுதாக எழுதுங்கள்.

சில வினைகளுக்கு அவ்வார் சரிவராது, எத்ர் (இருத்தல்) என்ற துணைவினை வேண்டும். ஆரிவே (வந்து சேர்தல்), ரான்த்ரே (வீடு திரும்புதல்), மோந்தே (ஏறுதல்), தோம்பே (விழுதல்), ரெஸ்தே (தங்குதல்) எல்லாம் அந்த வகை: ஜ ஸ்வீ ஆரிவே. அசைவைக் காட்டும் வினைகள் என்று சிலர் சொல்லித்தருவார்கள், அதை நம்ப வேண்டாம். நடக்கும் மார்ஷேயும் ஓடும் கூரிரும் அவ்வார் எடுக்கின்றன, அசையாமல் தங்கும் ரெஸ்தே எத்ர் எடுக்கிறது. பட்டியல் சின்னதுதான், அப்படியே பாடமாக்குவது நல்லது. எத்ர் வந்தால் பெண் எழுதும்போது கடைசியில் ஓர் எழுத்துக் கூடும், மேலே சொன்ன வினைகளில் அது காதுக்குக் கேட்காது. மோந்தே வினைக்குப் பின்னால் எதை என்ற சொல் வந்தால் திரும்ப அவ்வார்: பெட்டிகளை மேலே ஏற்றினேன் என்றால் 'ஜே மோந்தே லே கார்தோன்'.

இனி, கார்ட் (வதிவிட அனுமதி அட்டை) விஷயத்தில் மிக முக்கியமானது. "இரண்டு வருஷமாக இங்கே இருக்கிறேன்" என்பதை பாசே கொம்போசேயில் சொல்லக்கூடாது. தமிழைப் போலவே நிகழ்காலம்தான்: ஜாபித் இசி த்புய் தோஃஸான். 'ஜே ஆபிதே இசி பாந்தான் தோஃஸான்' என்று கார்ட் தரும் அரச அலுவலகமான ப்ரெஃபெக்த்யூரில் சொன்னால், இரண்டு வருஷம் இருந்தீர்கள், இப்போது இல்லை என்று விளங்கிக்கொள்வார்கள். பிறகு விலாசம் பற்றித்தான் கேள்வி வரும்.

'ஜ த்ரவயே' என்று இழுத்தால் இன்னொரு குழப்பமும் உண்டு. 'வேலை செய்துகொண்டிருந்தேன்' என்று வரும் இம்பார்ஃபேயும் ஏறக்குறைய அதே ஒலிதான். ஒரு நாள் செய்ததா, வழமையாகச் செய்ததா என்று கேட்பவருக்குத் தெரியாது. 'ஜே' தெளிவாக விழுந்தால் அந்தச் சந்தேகமே வராது.

வகுப்பு முடிவில் சோதனை எழுதிவிட்டு 'ஜே பாசே லெக்ஸாமேன்' என்று சொன்னால், எழுதினீர்கள் என்று மட்டும்தான் அர்த்தம். சித்தியடைந்ததற்கு 'ஜே ரேயுஸி' என்று சொல்லுங்கள்.