காமிக்ஸுக்கு டிஜிட்டலில் வண்ணம் தீட்டும்போது முகங்கள் அழுக்குப் படிந்ததுபோல் தெரிகின்றன. நிழலை எப்படிப் போடுவது?

முதல் இரண்டு வருடம் எனக்கும் இதே தொல்லைதான். தோல் நிறத்தை எடுத்து, கலர் பிக்கரில் (நிறம் தேர்ந்தெடுக்கும் பெட்டியில்) கறுப்பை நோக்கி நேர்கீழே இழுப்பேன். அதுதான் நிழல் என்று நினைத்தேன். பார்த்தால் முகமெல்லாம் கரி பூசியதுபோல் இருக்கும்.

நிழலில் வெளிச்சமே இல்லை என்று நினைப்பதில்தான் தப்பு தொடங்குகிறது. வெயில் படாத கன்னத்துக்கு வானத்தின் நீலம் கிடைக்கிறது. தாடைக்கு அடியில் சட்டையிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் ஒளி விழுகிறது. அதனால் பிரஷைத் தொடும் முன்பே, ஒளி எங்கிருந்து, என்ன நிறத்தில் வருகிறது, அது எட்டாத இடத்தில் வேறு எந்த ஒளி மிஞ்சுகிறது என்று முடிவு செய்துவிடுவேன்.

அப்புறம் ஃபிளாட் லேயருக்கு (நிழலில்லாத அடிப்படை நிறங்கள் உள்ள அடுக்குக்கு) மேல், அதன் எல்லையைத் தாண்டாதபடி கிளிப்பிங் மாஸ்க்காக, ஒரு மல்டிப்ளை லேயர் (கீழுள்ள நிறத்தோடு பெருக்கி அதை இருட்டாக்கும் அடுக்கு). பகல் காட்சி என்றால் அதில் வெளிர் ஊதா. ஆரஞ்சுச் சாயல் கொண்ட தோல் அதனுடன் பெருக்கப்படும்போது நிழல் சிவப்புப் பக்கம் நகரும், உயிரோடு இருக்கும். நீலத்தை அழுத்தமாகப் போட்டீர்களோ, ஆரஞ்சும் நீலமும் ஒன்றையொன்று அடித்துச் சாம்பலாகிவிடும்.

ஒளியும் நிழலும் சந்திக்கும் ஓரத்தில் மெல்லிய சிவப்பு ஆரஞ்சுக் கீற்று ஒன்று இழுத்துப் பாருங்கள். தோலுக்குள் நுழையும் ஒளியில் சிவப்புதான் அதிக தூரம் பரவும். பின்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் காது சிவந்து தெரிவதும் அதனால்தான். எல்லா ஓரத்திலும் போட்டால் காய்ச்சல்காரர் மாதிரி ஆகிவிடும், அளவாக.

கருத்த தோலுக்கு நிழலைவிட மினுக்கம்தான் முக்கியம். நிழல் தெரியவேண்டும் என்பதற்காக அடிப்படை நிறத்தையே வெளுக்கவைப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். நிறத்தை அப்படியே விட்டு, நெற்றியிலும் மூக்குத் தண்டிலும் கன்ன எலும்பிலும் ஒளியின் நிறத்தில் மினுக்கம் வையுங்கள்; முகம் தானாக உருண்டு வரும்.

இரவுக் காட்சிக்குப் பகலின் ஃபிளாட் நிறங்களை அப்படியே ஒட்டவேண்டாம். நீலம் நிறைந்த பேனலில் (காமிக்ஸ் கட்டத்தில்) வெறும் சாம்பல்கூடத் தோல் நிறமாகத்தான் கண்ணுக்குப் படும். சந்தேகம் இருந்தால், நன்றாக அமைந்த இரவுப் பேனல் ஒன்றைத் திறந்து முகத்தில் ஐடிராப்பரை (ஓரிடத்தின் நிறத்தை எடுத்துக் காட்டும் கருவியை) வைத்துப் பாருங்கள். நான் முதலில் வைத்தபோது அது சாம்பலைக் காட்டியதும், மென்பொருள்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன்.