விடுப்புக் கடிதத்தில் நோயின் பெயர் வேண்டுமா? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். கடுமையான மனச்சோர்வு நோய்க்காக மருத்துவரின் அறிவுரைப்படி மூன்று மாத விடுப்பில் இருக்கிறேன். மருத்துவச் சான்றிதழை முன்பே அனுப்பிவிட்டேன். இப்போது மனிதவளப் பிரிவினர் கேஸ் ஷீட்டையும் மருந்துச் சீட்டுகளையும் கேட்கிறார்கள். நேரடியாக மருத்துவமனையிலேயே விசாரித்துக்கொள்ள ஒரு ஒப்புதல் படிவத்தையும் அனுப்பியிருக்கிறார்கள். போதாக்குறைக்கு என் மேலாளர் அப்பாவைத் தொலைபேசியில் அழைத்து நலம் விசாரிக்க, அவரும் வெள்ளந்தியாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நான் எதைத் தர வேண்டும், எதைத் தரத் தேவையில்லை?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: நீங்கள் வேலை செய்ய இயலாத நிலையில் இருக்கிறீர்கள் என்பதும், அந்த நிலை எந்தத் தேதி வரை நீடிக்கும் என்று மருத்துவர் கருதுகிறார் என்பதும் நிறுவனத்துக்குத் தெரிந்தாக வேண்டும். திரும்பி வரும்போது இரவுப் பணி கூடாது, நேரம் குறைய வேண்டும் என்பதுபோல் ஏதேனும் தேவை இருந்தால் அதுவும் தெரிய வேண்டும். இவற்றுக்குக் கேஸ் ஷீட் தேவையில்லை. மருத்துவரிடம் நீங்கள் மனம்விட்டுச் சொன்ன குடும்ப விஷயங்கள்கூட அதில் இருக்கும். அதைப் படித்துப் பார்த்து விடுப்பு வழங்க வேண்டிய அவசியம் எந்த மனிதவள அலுவலருக்கும் இல்லை.

சிக்கல் சான்றிதழிலேயே தொடங்குகிறது. மருத்துவர்களின் தொழில் நெறிமுறைகளுக்கான 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின் பின்னிணைப்பில் விடுப்புச் சான்றிதழுக்கு ஒரு மாதிரி இருக்கிறது. ‘இன்னார் இந்த நோயால் அவதிப்படுகிறார், உடல்நலம் மீள இத்தனை நாள் பணிக்கு வராமலிருப்பது மிகவும் அவசியம்’ என்ற பொருளில் அமைந்த அந்த வாசகத்தில், நோயின் பெயருக்கென்று ஒரு கோடிட்ட இடம் விடப்பட்டிருக்கிறது. அந்த இடத்தில் என்ன எழுதுவது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். ‘என் சிகிச்சையில் இருக்கும் ஒரு மருத்துவ நிலை’ என்று பொதுவாக எழுதித் தரும் மருத்துவர்கள் உண்டு. ஆனால் நம் ஊரில் பலர் செய்வதுபோல டைபாய்டு என்றோ மஞ்சள் காமாலை என்றோ பொய்யாக எழுதி வாங்காதீர்கள். குறைவாகச் சொல்வது உங்கள் உரிமை. பொய்ச் சான்றிதழ் கொடுத்தால் நோயை விட்டுவிட்டு அதற்காகவே உங்கள்மீது நடவடிக்கை எடுக்க நிறுவனத்துக்கு வழி பிறந்துவிடும். இன்னொன்று: நோயின் பெயரை மறைத்தாலும், சான்றிதழின் தலைப்பில் இருக்கும் மருத்துவமனையின் பெயரும் முத்திரையில் இருக்கும் பட்டமும் காட்டிக்கொடுத்துவிடும். கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக்கிய சமூகத்தில் இது சிறிய விஷயம் அல்ல. பொது மருத்துவமனையில் சிகிச்சை பெறுகிறீர்கள் என்றால், அந்த மருத்துவமனையின் பொதுவான தாளில் சான்றிதழ் தரும்படி கேட்கலாம்.

அந்த ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 23ஆம் பிரிவு, சிகிச்சையின்போது அறிந்தவற்றை மருத்துவர்களும் பிற மருத்துவப் பணியாளர்களும் இரகசியமாகக் காக்க வேண்டும் என்று கடமை விதிக்கிறது. நோயாளி நியமித்த பிரதிநிதி, சிகிச்சையில் பங்குபெறும் பிற மருத்துவர்கள், உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு நேரும் நிலை, பொதுப் பாதுகாப்பு, நீதிமன்றம் போன்ற அதிகார அமைப்புகளின் ஆணை என்று சில விதிவிலக்குகளை மட்டுமே அது அனுமதிக்கிறது. முதலாளி அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் கையெழுத்து இருந்தால்தான் அந்தக் கதவு திறக்கும் என்பதால்தான் படிவம் உங்களைத் தேடி வந்திருக்கிறது. 25ஆம் பிரிவின்படி உங்கள் மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு, ஆனால் பெற்றதை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று அதற்குப் பொருள் இல்லை.

இதில் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். இந்த 23ஆம் பிரிவு மருத்துவரைத்தான் கட்டுப்படுத்துகிறதே தவிர, உங்கள் மேலாளரைக் கட்டுப்படுத்தவில்லை. நிறுவனங்களைப் பொறுத்தவரை, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட 2011ஆம் ஆண்டு விதிகள் மனநலம் பற்றிய தகவலையும் மருத்துவப் பதிவுகளையும் தனிக்கவனம் தேவைப்படும் தரவு என்று வகைப்படுத்தி, அவற்றைச் சேகரிக்க எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வேண்டும் என்றன. அவற்றின் இடத்துக்கு வரும் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலோ மருத்துவத் தகவலுக்கென்று தனி வகையே இல்லை. வேலைவாய்ப்பு தொடர்பான சில நோக்கங்களுக்கு ஒப்புதல் இல்லாமலும் தரவைக் கையாளலாம் என்று அது முதலாளிகளுக்கு இடமளிக்கிறது. இது பின்னோக்கி வைத்த அடி என்றே நான் நினைக்கிறேன். ஆகவே சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாமல், தகவல் உங்கள் கையை விட்டுப் போகும் ஒவ்வொரு இடத்திலும் நீங்களே கவனமாக இருப்பது நல்லது.

அப்படி ஒரு இடம் மருத்துவக் காப்பீடு. மனநோய்க்கும் உடல்நோய்க்கு நிகராகக் காப்பீடு வழங்க வேண்டும் என்று அதே 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் பல அலுவலகங்களில் பில்களும் டிஸ்சார்ஜ் சம்மரியும் மனிதவளப் பிரிவின் மேசை வழியாகத்தான் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகின்றன. சான்றிதழில் மறைத்தது மருந்துக்கடை ரசீதில் வெளியாகிவிடும். ஆவணங்களை நேரடியாகக் காப்பீட்டு நிறுவனத்துக்கே அனுப்ப வழி உண்டா என்று கேட்டு, அப்படியே செய்யுங்கள்.

முற்றாக எதிர்த்து நிற்பதும் புத்திசாலித்தனம் அல்ல. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் உறுதிசெய்யும் நோய்விடுப்பு ஆண்டுக்கு 12 நாட்கள்தான். அதற்கு மேற்பட்ட உங்கள் மூன்று மாதம் நிறுவனத்தின் சொந்த விடுப்பு விதிகளையும் அதன் இசைவையும் சார்ந்திருக்கிறது. எனவே மின்னஞ்சலில் இப்படி எழுதலாம்: ‘என் உடல்நிலை பற்றிய சான்றிதழை அனுப்பியுள்ளேன். விடுப்பின் காலம் குறித்தோ பணிக்குத் திரும்புவது குறித்தோ மேலும் விளக்கம் தேவைப்பட்டால், குறிப்பிட்ட கேள்விகளை எழுதி அனுப்புங்கள். என் மருத்துவரிடமிருந்து எழுத்தில் பதில் பெற்றுத் தருகிறேன். இது குறித்து என்னை மட்டும் தொடர்புகொள்ள வேண்டுகிறேன்.’ கேள்வியை எழுத்தில் கேட்கச் சொன்னாலே பாதி ஆர்வம் அடங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அப்பாவைக் கடிந்துகொள்ளாதீர்கள். பெண்ணின் மேலதிகாரி பேசுகிறார் என்றதும் மரியாதைக்காகப் பதில் சொல்லாத தகப்பனார் நம்மிடையே குறைவு. ‘அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள் சார்’ என்ற ஒரே வாக்கியத்தை வீட்டில் எல்லோருக்கும் பழக்கிவிடுங்கள்.

கடைசியாக, வேலைநேரக் குறைப்பு போன்ற சலுகைகள் தேவைப்பட்டால் ஓரளவு சொல்லித்தான் ஆக வேண்டும். மறைப்புக்கும் பாதுகாப்புக்கும் இடையே உங்கள் தேர்வு அது. நீடித்த, கடுமையான மனநோய் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்குள் வரக்கூடும். மத்திய ரிசர்வ் காவல் படை அதிகாரி ரவீந்தர் குமார் தாரிவால் வழக்கில் 2021 டிசம்பர் 17 அன்று, அவருடைய மனநல இயலாமையுடன் தொடர்புடைய நடத்தைக்காக எடுக்கப்பட்ட ஒழுங்கு நடவடிக்கையே பாகுபாடுதான் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் பாதுகாப்பைக் கோர நோயை வெளியே சொல்லத்தான் வேண்டும். சொல்வதென்றால் மேலாளரிடம் அல்லாமல் மனிதவளப் பிரிவில் ஒரே ஒருவரிடம், எழுத்தில், யாரிடமும் பகிரக்கூடாது என்ற குறிப்புடன் சொல்லுங்கள்.

கேள்வி: என் தம்பி பனியன் கம்பெனியில் வேலை செய்கிறான். மனச்சிதைவு நோய்க்கு ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் பார்க்கிறோம். நோயைச் சொன்னால்தான் நீண்ட நாள் பணம் கிடைக்கும் என்கிறார்கள். சொன்னால் வேலை போய்விடுமோ என்று அம்மா பயப்படுகிறார்.
– வாசகர், திருப்பூர்

பதில்: இரண்டும் வேறு வேறு கதவுகள். ஈ.எஸ்.ஐ.யில் சாதாரண நோய்க்கால உதவி, கூலியில் 70 சதவீதம் வீதம் ஆண்டுக்கு 91 நாட்கள் வரைதான். அதற்கு மேல் 34 நீண்டகால நோய்களுக்கு மட்டும் 80 சதவீதம் வீதம் இரண்டு ஆண்டுகள் வரை உதவி நீள்கிறது. மனச்சிதைவு அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே ஈ.எஸ்.ஐ. மருத்துவரிடம் நோயை மறைத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். கம்பெனிக்கோ, ஈ.எஸ்.ஐ. சான்றின் பேரில் இன்ன தேதி வரை விடுப்பு என்பது தெரிந்தால் போதும். பணம் தம்பியின் வங்கிக் கணக்குக்கே வரும் என்பதால் கம்பெனிக் காசாளரிடம் விளக்கம் சொல்ல வேண்டியதும் இல்லை. இரண்டு ஆண்டு தொடர் வேலையும், அந்தக் காலத்தில் 156 நாட்களுக்குச் சந்தாவும் இருக்க வேண்டும் என்பதால், சந்தா ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். என் அனுபவத்தில், உரிமை கைநழுவுவது பெரும்பாலும் அங்கேதான்.

கேள்வி: அரசுப் பள்ளி ஆசிரியை நான். என் மருத்துவ விடுப்புச் சான்றின் நகல்களைக் கேட்டு சக ஆசிரியர் ஒருவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டிருக்கிறார். கொடுத்துவிடுவார்களா?
– வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: கொடுக்கக்கூடாது. மருத்துவப் பதிவுகள், சிகிச்சை, மருந்துகள், சென்று பார்த்த மருத்துவர்களின் பட்டியல் ஆகியவை தனிப்பட்ட தகவல்கள் என்று உச்ச நீதிமன்றம் 2019 நவம்பர் 13 அன்று சுபாஷ் சந்திர அகர்வால் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஒருவேளை வெளியிடலாம் என்று பொதுத் தகவல் அலுவலர் கருதினாலும், மனு வந்த 5 நாட்களுக்குள் உங்களுக்கு அறிவிப்பு அனுப்பியாக வேண்டும். அது கைக்குக் கிடைத்த 10 நாட்களுக்குள் நீங்கள் ஆட்சேபத்தைத் தெரிவிக்கலாம். அறிவிப்புக்காகக் காத்திருக்காமல், இந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டு இன்றே ஒரு கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.