சரளி வரிசைக்கு முன்னால் ஒரு துண்டு போதும்

அன்புத் தங்கைக்கு,

திருச்சியிலிருந்து மும்பையின் செம்பூருக்குக் குடிவந்திருக்கிறீர்கள். நான்கு வயது மகளைப் பாட்டு வகுப்பில் சேர்க்கப் போனால், ஓர் ஆசிரியை ஏழு வயதாகட்டும் என்கிறார். இன்னொருவர் சேர்த்துக்கொண்டார், ஆனால் குழந்தை உட்கார மறுத்து ஓடுகிறாள். ஊரில் இருந்திருந்தால் பாட்டி மடியிலேயே கற்றிருப்பாள், இங்கே வந்து கெடுத்துவிட்டோமோ என்று கேட்டிருக்கிறீர்கள். எதுவும் கெட்டுப்போகவில்லை. ஓடட்டும், பாட்டோடு சேர்ந்து ஓடட்டும். மும்பையில் சின்னக் குழந்தைகளுக்கு நான் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது அப்படித்தான்.

கர்நாடக இசையின் தொடக்கப் பாடமான சரளி வரிசையின் முதல் வரியே கீழ் ஸட்ஜத்திலிருந்து (ஸ) மேல் ஸட்ஜம் வரை ஏறி இறங்கச் சொல்கிறது. அது அமைந்த மாயாமாளவகௌளை ராகத்தின் ரிஷபமோ (ரி) ஸட்ஜத்தை ஒட்டியே நிற்கும் நுட்பமான ஸ்வரம். நான்கு வயதுக் குரலுக்குச் சிரமமில்லாமல் எட்டுவது ஐந்தாறு ஸ்வரங்கள்தான். கட்டாயப்படுத்தினால் கத்துவாள், அல்லது வாயை மூடிக்கொள்வாள். நம் விளையாட்டுப் பாட்டுகளோ அந்த ஐந்தாறு ஸ்வரங்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருபவை.

குலை குலையா முந்திரிக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். பில்டிங்கில் நாலைந்து குழந்தைகளைச் சேர்த்து வட்டமாக உட்கார வையுங்கள். ஒரு குழந்தை கையில் துண்டோடு வெளியே சுற்றி வர வேண்டும். நீங்கள் முதல் அடியைப் பாடுங்கள், "நரியே நரியே சுற்றி வா" என்று அவர்கள் பதில் பாடட்டும். உட்கார்ந்திருப்பவர்கள் தொடையில் தட்ட, துண்டுக்காரி அந்தத் தட்டுக்கு ஓர் அடி வைத்து நடக்கட்டும். இப்போது பாட்டை மெதுவாக்குங்கள். கால் தானாகவே தாமதிக்கும். சட்டென்று நிறுத்துங்கள். ஒரு குழந்தை காலைத் தூக்கியபடியே நின்றுவிடும், இன்னொன்று இரண்டடி தாண்டிப்போய்த் திரும்பிப் பார்க்கும். அடுத்த சுற்றில் அதன் காது உங்கள் வாயிலேயே இருக்கும். காலப்பிரமாணம் (பாட்டின் வேகம்) என்று பின்னாளில் வகுப்பில் சொல்லப்போவதை அவள் உடம்பு அப்போதே அறிந்துவிடுகிறது. ஒருத்தியின் பின்னால் துண்டு விழுந்து துரத்தல் தொடங்கியதும் பாட்டு நின்றுபோகும். போகட்டும், அந்தச் சந்தோஷத்துக்காகத்தான் மறுபடி பாட வருவாள்.

இது ஏதோ நம் ஊர்ப் பாசத்தில் சொல்வதில்லை. ஜெனீவாவில் எமில் ழாக் டால்க்ரோஸ் (1865–1950) என்ற இசைப் பேராசிரியர், ஹார்மனி (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்க வைக்கும் மேற்கத்திய முறை) எழுதத் தெரிந்த மாணவர்களுக்கே தாளம் நிற்காததைக் கண்டு, நடையிலும் அசைவிலும் லயத்தைக் கற்பிக்கும் முறையை உருவாக்கினார். ஹங்கேரியின் ஸோல்டான் கோடாய் (1882–1967), குழந்தையின் முதல் இசை அதன் தாய்மொழி நாட்டுப்பாடல்களாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். பள்ளியில் ஆங்கிலம், விளையாட்டில் இந்தி, கடையில் மராத்தி என்று வளரும் நம் குழந்தைகளுக்கு இது எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள். வீட்டில் கேள்விக்கு இந்தியில் பதில் சொல்லும் குழந்தைகூட "சாய்ந்தாடம்மா"வைத் தமிழில்தான் பாடும்.

இடம்தான் இங்கே சிக்கல். ஒற்றைப் படுக்கையறை வீட்டில் குதித்தால் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார். மழைக்காலத்தில் காம்பவுண்டும் கிடையாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை உட்கார்ந்தே ஆடுங்கள்: பருப்புக் கடைந்து, நண்டு ஊர, நரி ஊர, கை வீச. எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளம் போடச் சொல்லி விரலை மடக்காதீர்கள். சுண்டுவிரல், மோதிரவிரல் என்று தனித்தனியாக எண்ண அந்தக் கைக்கு இன்னும் வராது. மாடிப்படி ஏறும்போது "தகதிமி" சொல்லி நான்கு படி, "தகிட" சொல்லி மூன்று படி ஏறுங்கள். மூன்றில் எந்தக் கால் முதலில் வருகிறது என்று அவளே ஒரு நாள் கண்டுபிடிப்பாள், அதுவரை சொல்லிவிடாதீர்கள்.

பக்கத்து வீட்டு மராத்திக் குழந்தைகளையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். மழையைக் கூப்பிட்டுக் காசு தருகிறேன் என்னும் "யே ரே யே ரே பாவ்ஸா" அவர்களிடம் இருக்கிறது. கைகளைக் குறுக்கே கோத்துச் சுற்றும் புகடி நம் தட்டாமாலைக்கு உறவுக்காரிதான். உங்கள் மகள் இரண்டையும் கற்கட்டும். நவராத்திரியில் செம்பூர், மாட்டுங்கா வீடுகளில் கொலு பார்க்கப் போகும்போது "ஒரு பாட்டுப் பாடு" என்பார்கள். கீர்த்தனை தெரியவில்லையே என்று கூசாதீர்கள், "கை வீசம்மா"வைக் கை வீசிப் பாடட்டும்.

ஏழெட்டு வயதில் முறையாகச் சேர்க்க ஷண்முகானந்தா சபாவின் சங்கீத வித்யாலயா இருக்கிறது, செம்பூரிலேயே ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி இருக்கிறது. அதற்கு முன்பே சேர்க்கத்தான் வேண்டும் என்றால், பணம் கட்டுவதற்குமுன் ஒரு வகுப்பைக் கூட இருந்து பாருங்கள். ஆசிரியர் தரையிலிருந்து எழுந்திருக்கிறாரா, அபஸ்வரமாகப் பாடும் குழந்தையை நிறுத்தித் திருத்தாமல் தானே இன்னொரு முறை பாடிக் காட்டுகிறாரா என்று கவனியுங்கள். ஆண்டுவிழா மேடைக்கு இரண்டே பாட்டை உருப்போட வைக்கும் வகுப்பென்றால் வேண்டாம். சனிக்கிழமை மாலைகளில் உங்கள் பில்டிங் குழந்தைகளைக் கூட்டுங்கள், நான் முதல் இரண்டு வாரம் வந்து ஆடிக் காட்டுகிறேன்.