லாட்டிமர்: ஒரு பெயருக்குள் ஒளிந்திருக்கும் வேலை (கேள்வி பதில்)

அபூர்வமான ஆங்கிலக் குடும்பப் பெயர்களில் எனக்கு மிகவும் பிடித்தது லாட்டிமர். நான் செய்வதும் மொழிபெயர்ப்பு வேலை என்பதால் அதன் மேல் ஒரு தனிப் பாசம். பலரும் அதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அக்கா, லாட்டிமர் என்றால் லத்தீன் படித்தவர் என்று பொருளா?

தொடக்கம் அதுதான். லத்தீன் தெரிந்தவரைப் பழைய பிரெஞ்சில் 'லத்தினியே' என்றார்கள். அந்தக் காலத்தில் லத்தீன் தெரிந்தவர்தான் ஓலை எழுதுவார், தூது போவார், இரண்டு தரப்புக்கும் நடுவில் நின்று பேசுவார். அதனால் அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பவர் என்ற பொருளே நிலைத்துவிட்டது. 'லத்தீன்' என்பதும் வெறும் 'பேச்சு', 'மொழி' என்ற அளவுக்கு விரிந்தது. ஆங்கிலத்தில் அது 'லெடன்' என்று தேய்ந்து பறவைகளின் பேச்சுக்குக்கூட வழங்கியது. பழைய ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய ஒரு கதையில் கேனஸி என்ற இளவரசி மந்திர மோதிரம் அணிந்திருப்பாள். அதனால் வல்லூறு பேசும் லெடன் அவளுக்குப் புரியும். எவ்வளவு அழகான சொல்! இன்று வழக்கில் இல்லை.

லத்தினியே எப்படி லாட்டிமர் ஆனது? 'ம்' எங்கிருந்து வந்தது?

பேச்சில் 'ன்' போய் 'ம்' வந்துவிட்டது. இதற்கு நேர் எதிராக நடந்ததும் உண்டு. கடிவாள இரும்பு, அங்கவடி, குதிமுள் போன்றவற்றைச் செய்பவருக்கு 'லோரிமர்' என்று பெயர். வார் என்று பொருள்படும் 'லோரம்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 1261இலேயே விதிமுறைகள் வகுத்துக்கொண்ட அவர்களின் லண்டன் சங்கம் இன்றும் இருக்கிறது. ஆனால் அதன் பெயர் 'லோரினர்ஸ்'. அங்கே 'ம்' போய் 'ன்' வந்துவிட்டது. லாட்டிமரும் லோரிமரும் ஒலியில்தான் நெருக்கம், உறவு கிடையாது.

பிரெஞ்சுக்காரர்கள் வருவதற்கு முன்னால் ஆங்கிலேயர்கள் மொழிபெயர்ப்பாளரை எப்படி அழைத்தார்கள்?

'வெயால்ஸ்டோட்' என்று. ஆல்ஃபிரட் மன்னர் தம் முன்னுரை ஒன்றில், பிற இனத்தார் அறிவுள்ள வெயால்ஸ்டோட்களின் துணையோடு புனித நூல்களைத் தத்தம் மொழிக்குக் கொண்டுவந்ததை எழுதுகிறார். இதிலுள்ள 'வெயால்' என்பதற்கு அயலான் என்று பொருள். வேல்ஸ் நாட்டின் பெயரும் வால்நட்டில் உள்ள 'வாலும்' அதே வேர்தான். வாலஸ், வால்ஷ் என்ற குடும்பப் பெயர்களும் அதே இனம். பிரெஞ்சு பேசிய நார்மன்கள் 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு இந்தச் சொல் மறைந்துபோனது. 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே நிலக் கணக்கில் ஹுகோலினஸ் என்பவர் 'மொழிபெயர்ப்பாளர்' என்ற லத்தீன் அடைமொழியோடு பதிவாகியிருக்கிறார். சாமர்செட்டில் அவருக்கு நிலம் இருந்தது. ஆள்பவனுக்கு ஊர்மொழி தெரியாத நாட்டில் இந்த வேலைக்கு எவ்வளவு மதிப்பு என்று பாருங்கள்.

மேடம், பழைய இலக்கியத்தில் லாட்டிமர் வேலை பார்ப்பதைக் காட்டும் இடம் ஏதாவது உண்டா?

உண்டு, எனக்கு மிகவும் பிடித்த இடம். லாயமன் என்ற பாதிரியார் சுமார் 1200இல் எழுதிய 'புரூட்' காவியத்தில் வருகிறது. பிரிட்டானியர்களின் மன்னன் வோர்டிஜெர்ன் விருந்தில் அமர்ந்திருக்கிறான். சாக்சன் தலைவனின் மகள் ரோவினா கிண்ணம் நிறைய மதுவோடு வந்து அவன் முன் மண்டியிட்டு 'வாஸ்ஹெயில்' என்கிறாள். மன்னனுக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் கெரெடிக் என்பவன் இருக்கிறான். இங்கு வந்தவர்களிலேயே சிறந்த 'லாட்டிமர்' என்று கவிஞர் அவனைப் புகழ்கிறார். 'நலமாயிரு' என்று அவள் வாழ்த்துவதாகவும், 'டிரிங்க்ஹெயில்' என்று பதில் சொல்வது அவர்கள் வழக்கம் என்றும் அவன் விளக்குகிறான். மொழியோடு சபை வழக்கத்தையும் சேர்த்துச் சொல்கிறான் பாருங்கள், அதுதான் தேர்ந்த மொழிபெயர்ப்பாளனின் வேலை. அந்த வாழ்த்து 'வாசெயில்' என்று கிறிஸ்துமஸ் பாடல்களில் இன்னும் ஒலிக்கிறது. அதை விளக்கிய ஆளின் தொழிற்பெயர்தான் வழக்கொழிந்துவிட்டது.

எரித்துக் கொல்லப்பட்ட பிஷப் லாட்டிமரும் மொழிபெயர்ப்பாளரா?

இல்லை. ஹியூ லாட்டிமர் லெஸ்டர்ஷயரின் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், ஆங்கிலத்தில் புகழ்பெற்ற பிரசங்கி. 1555இல் ஆக்ஸ்ஃபர்டில் ரிட்லி என்ற இன்னொரு பிஷப்போடு சேர்த்து எரிக்கப்பட்டார். தொழிலைக் காட்டிய பெயர் அதற்குள் வெறும் குடும்பப் பெயராகிவிட்டது.

லாட்டிமர் என்று ஊரும் இருக்கிறதாமே?

பக்கிங்காம்ஷயரில் இருக்கிறது. அந்த ஊரை ஆண்ட குடும்பத்தின் பெயர் ஊருக்கும் வந்துவிட்டது. நார்த்தாம்ப்டன்ஷயரில் பர்ட்டன் லாட்டிமர் என்று இன்னொன்று.

அக்கா, நம் பக்கத்துத் துபாஷிகளும் இப்படித்தானே?

அதே வேலைதான் தம்பி. இரண்டு மொழி தெரிந்தவர் என்பதால் துவிபாஷி, அதுவே துபாஷி ஆனது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736இல் தொடங்குகிறது. பேச்சை மாற்றிச் சொல்வதோடு வணிகம், தரகு, அரசியல் எல்லாம் அவர் கையில் இருந்தது அதைப் படித்தால் தெரியும். ஆங்கிலேயர்களும் இந்தச் சொல்லை 'துபாஷ்' என்று எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் ஒரு செய்தி: பம்பாய்ப் பார்சிகளிடையே துபாஷ் என்பது குடும்பப் பெயராகவே இருக்கிறது.