பாறைக் காந்தமும் விண்கல் பள்ளமும்: கேள்வி பதில்

காங்கேயம்: அண்ணா, காந்தத்தை அளந்தே இது விண்கல் பள்ளம் என்று சொல்லிவிட முடியுங்களா?

சந்தேகப்படலாம், தீர்ப்புச் சொல்ல முடியாது. எரிமலைப் பாறை ஆறும்போது அன்றைய பூமியின் காந்தத் திசை அதிலுள்ள மேக்னடைட் என்ற இரும்புக் கனிமத் துகள்களில் பதிந்துவிடும். 580 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடானால் அது அழியும். ஆறும்போது புதுத் திசை பதியும். மோதலில் உருகிய பாறைக்கு நடப்பது இதுதான். உருகாத பாறையிலும் அதிர்ச்சி அலை பழைய பதிவைக் குலைக்கும். அதனால் பல பள்ளங்களின் மேல் காந்தம் சுற்றுவட்டாரத்தைவிடக் குறைவாகக் காட்டும். மெக்சிகோவின் சிக்சுலுப் பள்ளம் 1978ல் எண்ணெய் தேடிய விமான அளவீட்டில்தான் வட்டமாகத் தெரிந்தது. ஆனால் அதிர்ச்சி பட்ட குவார்ட்ஸை, அதாவது மோதலின் அழுத்தத்தில் உள்ளே கோடுகள் விழுந்த கனிமத்தை, காட்டி ஆய்வாளர்கள் 1991ல் எழுதிய பிறகுதான் மற்றவர்கள் நம்பத் தொடங்கினார்கள்.

ஓமலூர்: தோட்டத்தில் கறுப்பாக, கனமாக ஒரு கல். காந்தம் ஒட்டுதுங்க. விண்கல்லா?

கஞ்சமலை பக்கத்திலேயே இருக்கிறது, அந்த இரும்புத்தாதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒன்று சொல்கிறேன்: விண்கல் என்று சந்தேகம் வந்தால் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். ஒருமுறை ஒட்டினாலே பழைய பதிவு போய்விடும்.

பல்லடம்: ஊருக்கு வெளியே வட்டமாகப் பெரிய குழி, தண்ணீர் நிற்கிறது.

பழைய கல்குவாரியா என்று ஊர்ப் பெரியவர்களிடம் முதலில் கேளுங்கள்.

அவிநாசி: கறுப்புக் கல், காந்தம் ஒட்டுகிறது...

ஓமலூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். காந்தத்தைப் பையில் போடுங்கள்.

ஈரோடு, கல்லூரி மாணவி: தென்னாப்பிரிக்காவின் விரெடஃபோர்ட் விண்கல் பள்ளத்தின் பாறையில் சில சென்டிமீட்டருக்குள்ளேயே காந்தத் திசை மாறுகிறதாமே? அது மோதலால்தானே சார்?

நல்ல கேள்வி அம்மணி. 2005ல் அப்படித்தான் விளக்கினார்கள்: மோதலில் எழுந்த பிளாஸ்மாவின் (மின்னேற்றம் கொண்ட கொதிக்கும் வாயுவின்) காந்தப்புலம் என்று. பிறகு அங்கேயே துளை போட்டு எடுத்த பாறையில் அந்தக் குழப்பம் இல்லை. குழப்பம் மேற்பரப்பில் மட்டும் என்றால் காரணம் மின்னல்தான்.

காங்கேயம்: அப்போ எங்க ஊர்ப் பாறையில் இடி விழுந்தாலும் இதே மாதிரி காட்டுமுங்களா?

காட்டும். மேல்பாறையை மட்டும் தட்டி எடுத்து வந்து பள்ளம் கண்டுபிடித்தேன் என்பவர்களிடம் நான் சண்டை போடுவது இதற்குத்தான்.

காங்கேயம்: அதுக்காக மோதலே இல்லைன்னு சொல்லலாமுங்களா?

யார் சொன்னது? விரெடஃபோர்ட்டில் கூம்பு வடிவ விரிசல்களும் அதிர்ச்சி பட்ட குவார்ட்ஸும் இருக்கின்றன. மோதல் உறுதி, அந்தக் காந்த விளக்கம்தான் நிற்கவில்லை.

நாமக்கல்: சித்தம்பூண்டியில் நிலா மண் இருக்கிறதே, அங்கே விண்கல் விழுந்ததா?

இல்லை. அங்குள்ள அனார்த்தோசைட் என்ற, நிலவிலும் காணப்படும் வகைப் பாறையை அரைத்துத்தான் இஸ்ரோ நிலா மண்ணைப் போல ஒன்றைச் செய்தது. விண்கல் பள்ளம் பார்க்க மகாராஷ்டிராவின் லோனாருக்குப் போங்கள். பசால்ட் என்ற எரிமலைப் பாறையில் சுமார் 1.8 கிலோமீட்டர் அகலம்.

மாணவி: மாதிரி எடுக்கும்போது வடக்கை எப்படிக் குறிப்பது சார்?

மேக்னடைட் பாறைமேல் சாதாரண திசைகாட்டி பொய் சொல்லும். நிழலையும் நேரத்தையும் வைத்துச் சூரிய திசைகாட்டியில் குறியுங்கள். துளை போட்ட கல்லைப் பாறையிலிருந்து பிரிக்கும் முன்பே கோடு போட்டுவிடுங்கள்.