முனைவர் பட்டம் முடிந்தது, அடுத்து ஜெர்மனியா?

கேள்வி: வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கி 2 வருடம் ஆகிறது. வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கு ஜெர்மனி தரும் ஆய்வு உதவித்தொகையான ஹம்போல்ட் ஃபெலோஷிப்புக்கு முயலலாமா? ஜெர்மன் மொழி தெரியாது.
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: தாராளமாக. பட்டம் வாங்கி 4 வருடம் தாண்டாதவர்களுக்குத்தான் அதில் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு) பிரிவு, எனவே உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. 6 மாதம் முதல் 24 மாதம் வரை அங்கே இருந்து ஆய்வு செய்யலாம். நாட்டுக்கு இத்தனை, பாடத்துக்கு இத்தனை என்ற ஒதுக்கீடெல்லாம் கிடையாது. அறிவியல் துறைகளுக்கு ஆங்கிலமே போதும், கடையில் ரொட்டி வாங்கத்தான் கொஞ்சம் ஜெர்மன் வேண்டும்.

கடைசித் தேதி என்று ஒன்று இல்லை, வருடம் முழுக்க விண்ணப்பிக்கலாம். இதைக் கேட்டதும் "சரி, அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுபவர்கள்தான் அதிகம். பரிசீலனைக்கே பல மாதம் ஆகும், மறந்துவிடாதீர்கள்.

முக்கியமான வேலை வேறு. உங்களை ஏற்றுக்கொள்ள அங்குள்ள ஒரு பேராசிரியரை நீங்களேதான் பிடிக்க வேண்டும். ஒரே மின்னஞ்சலை ஐம்பது பேருக்கு அனுப்பினால் முதல் வரியிலேயே தெரிந்துவிடும், பதில் வராது. அவருடைய சமீபத்திய கட்டுரை இரண்டைப் படித்துவிட்டு, உங்கள் ஆய்வு அதில் எங்கே பொருந்துகிறது என்று நாலு வரியில் எழுதுங்கள்.